எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷின்: எட்டு மாதக் கணக்கு

சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பத்தாவது படிக்கும்போது வந்தது. முன்பற்களில் பழுப்புக் கோடுகள். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாறையிலிருந்து அந்தத் தண்ணீரில் கரையும் புளோரைடு என்ற உப்புதான் அந்தக் கறைக்குக் காரணம். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பாக்கு போடுவியா?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். அன்று ராத்திரி அழுதேன். இப்போது என் மகளுக்கு நான்கு வயது. பால் பற்கள் விழுந்தபின் முளைக்கப்போகும் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயது. இந்த வயதில் புளோரைடு தண்ணீர் குடித்தால் பிறகு எந்தப் பற்பசையாலும் அந்தக் கறை போகாது. அதனால்தான் தை மாதம் தர்மபுரியில் ஒரு கடையில் 13,800 ரூபாய் கொடுத்து ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம். தண்ணீரில் கரைந்த உப்பை மெல்லிய சவ்வு வழியே வடிகட்டும் மெஷின் அது.

மெஷின் வேலை செய்கிறதா? செய்கிறது. இதை நான் நாக்கை வைத்துச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். போர் தண்ணீரில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் புளோரைடு. மெஷினில் வருவதில் 0.3. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 1.5. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் அம்மா பாவம், எனக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சித்தான் கொடுத்தார். காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஆனால் விற்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மாட்ட வந்தவர் இரண்டு டம்ளர்களில் கம்பி வைத்த ஒரு கருவியை முக்கி, கரண்ட் விட்டார். போர் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பானது, மெஷின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதுதான்மா புளோரைடு" என்றார். புளோரைடுக்கு நிறமே கிடையாது. அந்தப் பழுப்பு, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வருவது. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும். பக்கத்துத் தெருக் குழாயில் பிடித்த, புளோரைடு தொல்லை இல்லாத காவிரித் தண்ணீரை வைக்கச் சொன்னேன், அதுவும் பழுப்பானது. டி.டி.எஸ். பேனாவும் அப்படித்தான். மொத்த உப்பைக் காட்டும், அதில் புளோரைடு எவ்வளவு என்று காட்டாது. யாராவது இந்த வித்தையைக் காட்டினால் நம்பி வாங்காதீர்கள்.

அப்புறம் வேஸ்ட் தண்ணீர். ஒரு குடம் நல்ல தண்ணீர் வர, இரண்டு குடம் வெளியே போகிறது. முதல் மாதம் அதைப் பிடித்து ஆட்டுக்கு வைத்தேன், கீரைக்கு ஊற்றினேன். வீணாக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு அதையும் ஆய்வகத்தில் கொடுத்தேன். புளோரைடு 3.7. நாங்கள் குடிக்காமல் விட்டதெல்லாம் அதில்தானே போய்ச் சேரும்! அன்றோடு ஆட்டுக்கு நிறுத்திவிட்டேன். இப்போது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் மட்டும்தான். அதுவும் கடைசியில் மண்ணுக்குத்தான் போகிறது. எங்கள் பாறையிலிருந்து வந்த புளோரைடு எங்கள் பாறைக்கே திரும்புகிறது, நடுவில் என் மகளின் டம்ளருக்கு மட்டும் விலக்கு.

எதிர்வீட்டு அத்தை நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பேரன் என் மகள் வயது. 13,800 ரூபாய்க்கும், வருஷாவருஷம் மாற்ற வேண்டிய கேண்டில், மெம்பரேன் என்ற வடிகட்டிகளின் செலவுக்கும் அவர் எங்கே போவார்? தினம் ஒரு குடம் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார். கரண்ட் போன நாளில் அதுவும் இல்லை.

2015 செப்டம்பரில் ஐ.நா. சபையில் 193 நாடுகள் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றன. ஆறாவது இலக்கு தண்ணீர்: 2030-க்குள் எல்லாருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் விலையில் குடிநீர். 2015-லிருந்து 2024-க்குள் 96 கோடிப் பேருக்குப் புதிதாக அது கிடைத்திருக்கிறது. பெரிய காரியம்தான். இன்னும் 210 கோடிப் பேருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கில் 'பாதுகாப்பான' என்றால் வீட்டிலேயே, வேண்டும்போது, கிருமியும் ஆர்செனிக்கும் புளோரைடும் இல்லாமல் வர வேண்டும். உலகக் கணக்கில் பெயர் சொல்லிச் சேர்த்த இரண்டு ரசாயனங்களில் ஒன்று எங்கள் ஊர்க் கறை. அத்தை அந்த 210 கோடியில் ஒருவர். நான் பணம் கொடுத்து வெளியே வந்தேன், அவ்வளவுதான்.

ஒகேனக்கல் எங்களுக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஜப்பான் கடனுதவியோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்குமாகப் போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று உண்டு. அந்தத் தண்ணீர் நேராக வரும் பக்கத்துத் தெருவில் மெஷினே வேண்டியதில்லை. எங்கள் தெரு மேடு. அழுத்தம் போதாமல் இரண்டு மூன்று குடத்தோடு நின்றுவிடும், மீதிக்கு போர்தான்.

ஆகவே என் கருத்து: காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். குடிக்கிற நல்ல தண்ணீரைப் போல இரண்டு மடங்கை வெளியே விடுவது பாவம். போர் மட்டும் உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால், தாராளமாக வாங்கலாம். முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். இந்த மெஷின் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்தே எடுத்துவிடும், அதனால் பிள்ளைக்கு ராகிக் களியும் முருங்கைக்கீரையும் விடாமல் கொடுங்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

மெஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குழாயில் அழுத்தம் வேண்டி அத்தையும் நானும் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். தெருவில் இருபத்திரண்டு வீடு, பதினேழு கையெழுத்து வந்திருக்கிறது.