ஒரு போன், நாற்பது அட்டை: என் வகுப்பில் பிளிக்கர்ஸ்

பாடம் நடத்தி முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முப்பத்தெட்டு பிள்ளைகளும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது டீச்சர்" என்பார்கள். உண்மையில் முன் வரிசையில் நாலைந்து பேருக்குப் புரிந்திருக்கும், மற்றவர்கள் அந்தக் குரலோடு குரல் சேர்த்திருப்பார்கள். நோட்டு திருத்தும்போது யாருக்கு என்ன புரியவில்லை என்று தெரியும்தான், ஆனால் அதற்குள் ஒரு நாள் ஓடிப்போயிருக்கும். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் எனக்கு, பாடம் நடக்கும்போதே எல்லாப் பிள்ளைகளின் பதிலும் வேண்டும், அதுவும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லாத பதில் வேண்டும் என்பது ரொம்ப நாள் ஏக்கம். அதற்காகத்தான் பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினா செயலி பக்கம் போனேன். ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

கஹூட் மாதிரியான வினாடி வினா செயலிகளுக்குப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கருவி வேண்டும், அது எங்கள் பள்ளியில் நடக்காத காரியம். பிளிக்கர்ஸுக்கு ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தால் போதும். பிள்ளைகளிடம் இருப்பது வெறும் காகித அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு உருவம், ஒன்று போல இன்னொன்று இருக்காது. அதன் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த விடை என்று நினைக்கிறார்களோ அந்த எழுத்து மேலே வருமாறு திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மெதுவாகக் காட்டினால், எந்த எண் அட்டை எந்த விடையைப் பிடித்திருக்கிறது என்று செயலி படித்துவிடும். அட்டைக்கு அட்டை உருவம் மாறுவதால் பக்கத்துப் பையன் எப்படித் திருப்பியிருக்கிறான் என்று பார்த்து அப்படியே பிடித்தாலும் பலனில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

அட்டைகளை பிளிக்கர்ஸ் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாற்பது அட்டைத் தொகுப்பை அச்சடித்து, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினோம், ஒட்டியது பிள்ளைகளேதான். முதலில் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று பளபள லேமினேஷன் போட்டேன், அது தப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுகிற அட்டையை கேமராவால் படிக்க முடியவில்லை. லேமினேஷன் போட்டே ஆக வேண்டும் என்றால் மினுங்காத ரகத்தில் போடுங்கள். விரல் அந்தக் கறுப்பு உருவத்தின் மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

சரி, பாடத்துக்கு என்ன லாபம்? தசம எண்கள் நடத்தி முடித்த அன்று ஒரு கேள்வி கேட்டேன். 0.35, 0.7, 0.125, இவற்றில் எது பெரியது? நான்காவது விடையாக 'எல்லாம் சமம்'. மிகச் சாதாரணக் கேள்வி, எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். 0.7 என்றவர்கள் பதிமூன்று பேர். பதினேழு பேர் 0.125 என்றார்கள், ஆறு பேர் 0.35, இரண்டு பேர் சமம் என்றார்கள். 125 என்பது 7ஐ விடப் பெரியது என்கிற முழு எண் பழக்கத்தையே புள்ளிக்குப் பின்னாலும் கொண்டுபோகிறார்கள். நான் நடத்தியது பாதி வகுப்புக்கு மேல் போய்ச் சேரவே இல்லை என்று அப்போதே தெரிந்தது. வாயால் கேட்டிருந்தால் முன் வரிசை "0.7" என்று கத்தியிருக்கும், நானும் அடுத்த பயிற்சிக்குப் போயிருப்பேன்.

விடையை நான் சொல்லவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்தி வரும் முறை ஒன்று உண்டு. கேள்வி கேள், ஆளுக்கொரு விடை வாங்கு, சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விடு, பிறகு மறுபடி விடை வாங்கு. எங்கள் பதிமூன்று பேர் 34 சதவீதம். நான்கு நிமிடம் பேச விட்டேன். கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து, 0.7 சென்டிமீட்டர் என்றால் ஏழு கோடு, 0.35 என்றால் மூன்றரைக் கோடு, 0.125 என்றால் ஒன்றேகால் கோடுதான் என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கே அப்படிச் சொல்லிக்கொடுக்கத் தோன்றியதில்லை. இரண்டாம் முறை கேமராவைக் காட்டியபோது முப்பத்தொரு பேர் 0.7 பிடித்திருந்தார்கள். மீதி ஏழு பேர் யார் என்று பெயரோடு தெரிந்ததால், அன்று மத்தியானம் அவர்களோடு மட்டும் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். யார் சரி, யார் தப்பு என்பதை என் போனில் மட்டும்தான் பார்ப்பேன். புரொஜெக்டர் இருக்கிற பள்ளிகளில் திரையில் போட்டுக் காட்டலாம், எனக்கு அது வேண்டாம். தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் அந்தக் கடைசி வரிசை நிஜமான பதிலைத் தருகிறது. அதே போல இது வெளிநாட்டு நிறுவனத்தின் சேவை என்பதால் பிள்ளைகளின் முழுப் பெயரை ஏற்றாமல், எனக்கு மட்டும் புரிகிற மாதிரி தலைப்பெழுத்தும் வரிசை எண்ணும்தான் போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. எந்தக் கேள்வியாக இருந்தாலும் நான்கு விடைக்குள் அடக்கியாக வேண்டும், ஒரு பிள்ளை கணக்கை எந்த வழியில் போட்டது என்பதை அட்டை சொல்லாது, அதற்கு நோட்டும் கரும்பலகையும்தான். நல்ல தப்பு விடைகளை யோசித்து எழுதுவதுதான் இதில் பெரிய வேலை, பிள்ளைகள் உண்மையிலேயே செய்கிற தப்பை விடையாக வைக்காவிட்டால் எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள், நமக்கு ஒன்றும் தெரியவராது. ஒரு கேள்வி தயார் செய்யவே எனக்குச் சில நாள் கால் மணி நேரம் ஆகிறது. நான் செயலியை ஆங்கிலத்தில்தான் பயன்படுத்துகிறேன், ஆனால் கேள்வியைத் தமிழில் தட்டச்சு செய்யலாம். பின்னம், படம் எல்லாம் வந்தால் நான் கரும்பலகையிலேயே எழுதிவிட்டு, செயலியில் வெறும் 'கேள்வி 1' என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கட்டணத் திட்டமும் இருக்கிறது, நான் ஒரு நாளைக்கு மூன்று கேள்விக்கு மேல் கேட்பதில்லை என்பதால் இலவசமே போதும். தினமும் கேட்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் சரியாக இருக்கும். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் 63 அட்டை உள்ள தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அட்டையின் பின்பக்கத்தில் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தால் தினமும் எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.