6000 சிஎல்30-ஆ, 7200 சிஎல்34-ஆ? மதுரை வெயிலுக்கு எந்த ராம்?

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) நினைக்கிறவர்கள் டிடிஆர்5 ராம் வாங்கும்போது பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். 6000, 7200 என்பவை ராமின் வேகம்; சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ராம் எத்தனை சுழற்சி காத்திருக்கும் என்ற எண். பெட்டியில் 7200 என்று பார்த்ததும் மனம் அங்கேதான் போகும். ஆனால் என் ஓட்டு 6000-க்கு.

கணக்கு இதுதான். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ராமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைக்கும். 6000 சிஎல்30-க்கு 10, 7200 சிஎல்34-க்கு சுமார் 9.4. அவ்வளவுதான் வித்தியாசம். ரைசனில் 6000 வரை, பிராசஸருக்குள் ராமைக் கையாளும் மெமரி கண்ட்ரோலர் ராமோடு சம வேகத்தில் ஓடும். 7200-க்குப் போனால் அது பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கூடுதல் வேகத்தின் லாபம் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை என்றால், நல்ல போர்டு இருந்தால் 7200 தாராளமாக வாங்கலாம்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். டிடிஆர்5-இன் அடிப்படை மின்னழுத்தம் 1.1 வோல்ட், இந்த வேகங்களுக்குப் பொதுவாக 1.35, 1.4 வோல்ட் வேண்டும்; மின்னழுத்தம் கூடினால் சூடும் கூடும். கத்தரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில், கிராபிக்ஸ் கார்டின் அனலும் சேர்ந்தால் ராம் 60 டிகிரியைத் தொட்டுவிடும். டைமிங்கை (சிஎல் போன்ற தாமத எண்களை) குறைத்து இறுக்கி வைத்த ராம் அந்தச் சூட்டில்தான் பிழை விடும். அதனால் ராமில் பிழை தேடும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவில் மட்டும் ஓட்டித் திருப்திப்படாதீர்கள். மே மாத மதியம் இரண்டு மணிக்கு, கேம் ஆடி முடித்த சூட்டோடு ஓட்டுங்கள்.

எதை எடுத்தாலும் 16 ஜிபி இரண்டு கொண்ட ஜோடியாக ஒரே பெட்டியில் வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் 6000 கூட நிற்காமல் போகலாம்.