டை காபா, ஹோனஸ் வாக்னரா: யார் பெரிய ஆட்டக்காரர்?

பேஸ்பாலின் ஆரம்ப கால ஜாம்பவான்கள் பற்றிப் பேச்சு வந்தால் டெட்ராய்ட் டைகர்ஸின் டை காபும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹோனஸ் வாக்னரும் மோதாமல் இருக்க மாட்டார்கள். என் ஓட்டு வாக்னருக்கு. ஆனால் எண்கள் காப் பக்கம் இருப்பதால் அதை முதலில் பேசிவிடுவோம்.

காப் 1905 முதல் 1928 வரை 24 சீசன் ஆடினார். ஹிட் (பந்தை அடித்துவிட்டு, மைதானத்தின் நான்கு மூலைகளிலுள்ள பேஸ்களில் முதலாவதையாவது ஆட்டமிழக்காமல் எட்டுவது) 4,189; 4,191 என்றும் ஒரு கணக்கு உண்டு. பேட்டிங் சராசரி .366. அதாவது ஆயிரம் வாய்ப்பில் 366 ஹிட். வாக்னர் 1897 முதல் 1917 வரை ஆடி, 3,400-ஐச் சற்றே தாண்டினார்; சராசரி .328 சுமார். பேஸ் திருட்டிலும் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) காப்தான் முன்னே. மட்டையை மட்டும் பார்த்தால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் காலத்தையும் பார்க்க வேண்டும். அன்று ஒரே பந்தை அழுக்கேறி, கறுத்து, மெத்தென்று ஆகும்வரை ஓட்டுவார்கள். அதை வேலிக்கு வெளியே தூக்கியடிப்பது பெரும்பாடு. 1909-ல் காப் 9 ஹோம் ரன்னோடு (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்த ஒன்பதில் ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை, எல்லாமே ஓடி எடுத்தவை! 1920-க்குப் பிறகு சுத்தமான, நன்றாகப் பறக்கும் பந்துகள் வந்தன. அந்த வசதி காபுக்குக் கடைசி ஆண்டுகளில் கிடைத்தது, வாக்னருக்குக் கிடைக்கவே இல்லை. அதற்காகக் காபைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பந்துகள் வருமுன்பே 1911-ல் .420 அடித்தவர் அவர்.

என்னை வாக்னர் பக்கம் இழுப்பது ஃபீல்டிங். காப் வெளிக்களத்தில் நின்றவர். வாக்னர் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே. வேகமான தரைப்பந்துகள் நிறைய வரும் இடம், நல்ல ஃபீல்டர் என்றால் பேட்டிங் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் இடம். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலை பார்த்த உடம்பு. அகன்ற மார்பு, வளைந்த கால்கள், நீண்ட கைகள். பார்த்தால் ஷார்ட்ஸ்டாப் என்றே சொல்ல மாட்டார்கள். பெரிய உள்ளங்கையால் பந்தை அள்ளும்போது மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்தே வருமாம், எல்லாவற்றையும் சேர்த்து முதல் பேஸுக்கு எறிவாராம். லீக்கின் பேட்டிங் பட்டத்தை எட்டு முறை வென்றார், அதில் ஏழு அந்த இடத்தில் நின்றுகொண்டே. அதுதான் எனக்கு மலைப்பு.

இருவரும் நேருக்கு நேர் மோதியது 1909 உலகத் தொடரில் (இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) மட்டும்தான். வாக்னருக்கு 35 வயது, காபுக்கு 22. காப் இரண்டாவது ஆட்டத்தில் ஹோம் பேஸையே, அதாவது எட்டினால் ரன் கிடைக்கும் கடைசி பேஸையே, திருடினார். ஆனால் தொடர் முழுக்க அவர் சராசரி .231தான், திருட்டு இரண்டு. வாக்னர் .333, திருட்டு ஆறு. ஏழு ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 4-3 என்று வென்றது. கோப்பையை வென்று கொடுத்தவர் மூன்று ஆட்டங்களை ஜெயித்த புதுமுகப் பிட்சர் (பந்து வீசுபவர்) பேப் ஆடம்ஸ் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தொடர் எல்லாவற்றையும் முடிவு செய்யாது, சரி. ஆனால் காபைவிட 13 வயது மூத்தவர் ஓட்டத்திலேயே அவரை முந்தியதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

குணத்திலும் இருவரும் எதிரெதிர். 1912 மே மாதம் நியூயார்க்கில், தன்னைத் திட்டிய ரசிகரைக் காப் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து அடித்தார். அந்த ரசிகருக்குக் கையில் பல விரல்கள் கிடையாது. காபைத் தடை செய்ததும் அணி வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கிடைத்த ஆட்களை வைத்து ஆடிய டெட்ராய்ட் 24-2 என்று தோற்றது. அவர் வாழ்க்கையில் பெரிய துயரமும் உண்டு: முதல் ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் தந்தை தாயின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். பின்னாளில் தன் ஊர்ப்பக்கம் மருத்துவமனையும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் ஏற்படுத்தினார். காபை வெறும் முரடர் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

1936-ல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முறை வாக்கெடுத்தபோது 226 ஓட்டில் காபுக்கு 222 விழுந்தது, வாக்னருக்கு 215. மட்டைக்கு மட்டும் என்றால் அந்த வரிசை சரி. ஒரு அணியைக் கட்டச் சொன்னால் நான் முதலில் எழுதும் பெயர் வாக்னர்தான்.