மட்டக்களப்புத் திரையிடல் கூடத்தில் தோமிஸ்லாவ் பின்டர்

மட்டக்களப்பு வாவிக்கரையோரச் சிறு கூடமொன்றில் வார இறுதியில் நடைபெறும் உலகத் திரைப்படக் காட்சிகளுக்கு, 1926இல் சாகிரேப்பில் பிறந்து யுகோசுலாவியக் காலம் முதல் ஏராளமான படங்களை ஒளிப்பதிவு செய்த குரோவேசியக் கலைஞர் தோமிஸ்லாவ் பின்டரைத் தேர்ந்திருப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. கறுப்பு வெள்ளையில் அமைந்த 'மூன்று' (1965) படத்தையும், 1967ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் விருது பெற்ற வண்ணப்படமான 'இறகு சேகரிப்போர்' என்பதையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, இயக்குநர் அலெக்சாண்டர் பெத்ரோவிச்சின் கதைகளுக்கு ஏற்ப அவர் ஒளியை எவ்வளவு மாற்றிக் கையாண்டார் என்பது தெளிவாகிறது. செர்பியாவின் வொய்வோதினாச் சமவெளியின் சேற்று நிறத்துக்கு நடுவே வெள்ளை இறகுகள் பறக்கும் காட்சிக்காகவே இந்நிகழ்வுக்குச் செல்லலாம்.

இருக்கைகள் போதுமானவை, தமிழ்க் கதைச்சுருக்கத் தாள் மிகவும் உதவியது. ஆனால் மாலை வெளிச்சம் யன்னல் திரைகளினூடே புகுந்து முதற்படத்தின் ஆழ்ந்த கருமையைச் சாம்பலாக்கியது, ஒளிப்பதிவாளர் ஒருவருக்கான நிகழ்வில் பொறுத்துக்கொள்ளக் கடினமான குறை. தடித்த திரைகளைத் தொங்கவிட்டால், அல்லது இருட்டிய பின்னர் தொடங்கினால், இது சரியாகிவிடும்.