கஞ்சிக்கோட்டில் டேங்க் இறங்கும் பயிற்சி: ஆளுக்கு 3,500 ரூபாய் தகுமா?

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில இப்ப முக்கால்வாசி கம்பெனி, சர்டிபிகேட் இல்லாத ஆளை டேங்க் வேலைக்குக் கேட்டுக்குள்ளேயே விடறதில்லை. கழிவுநீர்த் தொட்டி, எண்ணெய் டேங்க் சுத்தம் பண்ற சின்ன கான்ட்ராக்ட்காரன் நான். வாளையார்ல இருந்து ஆறு பசங்களைக் கூட்டிட்டு ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். மொத்தம் 24,500 ரூபாய். வெறும் காகிதத்துக்குத் தண்டம் அழறோம்னு நினைச்சுட்டேதான் போனேன்.

முதல் நாள் காலை அப்படித்தான் இருந்துச்சு. ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ், பேச்சு மலையாளம். பாதி பேர் தூங்கிட்டாங்க.

மதியம் பாடம் எடுக்கற சார், காத்துல எந்த வாயு எவ்வளவு இருக்குன்னு காட்டற கேஸ் மீட்டரைக் கையில எடுத்ததும்தான் விழிச்சாங்க. உள்ளங்கை அளவுதான் இருக்கும். திரையில நாலு எண். ஆக்சிஜன் 20.9 சதவீதம், மத்த மூணு வாயுவும் சைபர். என் மச்சானைக் கூப்பிட்டு, "இதுல ஊது"ன்னார். ஊதினதும் 20.9 மளமளன்னு இறங்கி 19.5க்குக் கீழ போச்சு, மீட்டர் கீச்சுன்னு கத்துச்சு. நாம வெளிய விடற மூச்சே அதுக்கு ஆபத்துக் கணக்கு. மச்சான் முகத்தைப் பார்க்கணுமே!

எங்கப்பா காலத்துல இருந்து கிணத்துக்கும் தொட்டிக்கும் மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கறதுதான் எங்க வழக்கம். அதைச் சொன்னேன். சார் சிரிக்கலை, ரெண்டே விஷயம் கேட்டார். உள்ள மீத்தேன் இருந்தா அந்த மெழுகுவர்த்தியே வெடி ஆகாதா? அழுகின முட்டை நாத்தம் அடிக்கற ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு இருந்தா அதுக்குத் தெரியுமா? மீட்டர் அந்த வாயு 10 பிபிஎம்ல, அதாவது பத்து லட்சத்துல பத்துப் பங்கு இருக்கும்போதே கத்துது. 100 பிபிஎம் பக்கம் போனா மூக்கு செத்துப்போய் நாத்தமே தெரியாது. "இப்ப நாத்தம் குறைஞ்சிருச்சு, இறங்கலாம்"னு எத்தனை தடவை நானே சொல்லியிருக்கேன்!

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுது. தொட்டி அசையாம கிடக்கும்போது மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் விஷவாயு சைபர்னு காட்டலாம். மண்வெட்டியால சேத்தைக் கிளறின உடனே உள்ள அடைபட்ட வாயு குமிழியா வெளிய வரும். அதனால ஒரு தடவை பார்த்துட்டு மீட்டரை வண்டில வெச்சுடக் கூடாது, இறங்கறவன் சட்டையிலயே மாட்டியிருக்கணும். குழாய் விட்டுப் பார்க்கும்போதும் அடியில இருக்கற காத்து மீட்டருக்கு வந்து சேர்ற வரைக்கும் பொறுக்கணும். அவசரத்துல பார்த்தா வாசல் காத்தைத்தான் காட்டும்.

விளக்கு விஷயத்துல எனக்கு நேரடி அடி. டேங்குக்குள்ள கையில எடுத்துட்டுப் போற விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாதுன்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்துச்சாம். நான் இத்தனை வருஷம் வீட்டு ஹோல்டரை வயரோட இறக்கிட்டு இருந்தேன். பசங்க என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் சுவரைப் பார்த்தேன்.

ரெண்டாம் நாள்தான் காசுக்கு வேலை. மேல காவலுக்கு நிக்கறவன் எந்தக் காரணத்துக்கும் உள்ள இறங்கக் கூடாதுங்கறதை மட்டும் ஒரு மணி நேரம் சொன்னார். 2015 நவம்பர்ல கோழிக்கோட்டுல மேன்ஹோலுக்குள்ள சிக்கின ரெண்டு ஆந்திரத் தொழிலாளிகளைக் காப்பாத்த இறங்கின ஆட்டோ டிரைவர் நௌஷாத் கதையைச் சொல்லும்போது ஹால்ல சத்தமே இல்லை. மூணு பேருமே பிழைக்கலை. மூணு வருஷம் முன்ன ஒரு கம்பெனித் தொட்டியில எங்க பையன் ஒருத்தன் மயங்கினப்ப நானும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கப் போனவன்தான். யாரோ இடுப்பைப் பிடிச்சு இழுத்ததால இன்னிக்கு இதை எழுதறேன். அவனை அன்னிக்குக் கயித்துல கட்டித் தூக்கினோம். பெல்ட் இல்லை, தொட்டி வாய் மேல நிறுத்தித் தூக்கற முக்காலி இல்லை, அதிர்ஷ்டம் மட்டும் இருந்துச்சு.

அப்புறம் ஒத்திகை. மணல் நிரப்பின 70 கிலோ பொம்மையைக் குறுகின வாய் வழியா வெறுங்கையால தூக்கச் சொன்னார். நாலு பேர் மூச்சு முட்ட இழுத்தும் தோள் இடிச்சு நின்னுடுச்சு. அதையே முக்காலி, கயித்தைச் சுத்தி இழுக்கற வின்ச், முழு உடம்பு பெல்ட் போட்டு எங்க சின்னப் பையன் ஒத்தை ஆளா மேல கொண்டு வந்துட்டான்.

அவன் தன் முறைக்கு உள்ள இறங்கினப்பதான் கூத்து. அலாரம் அடிச்சதும் சார் மேல இருந்து "கயறு! கயறு!"ன்னு கத்தினார். மலையாளத்துல ஏறி வாடான்னு அர்த்தம். இவன் காதுல கயிறுன்னு விழுந்துச்சு. ஏறாம இருட்டுல கயித்தைத் தேடிட்டு இருக்கான்! எல்லாரும் சிரிச்சோம். டீ குடிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. நிஜத் தொட்டியா இருந்திருந்தா?

இதுதான் என் பெரிய குறை. அன்னிக்கு வந்த 22 பேர்ல பாதிக்கு மேல தமிழ், மிச்சத்துல இந்திக்காரங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே மொழியில பாடம். பரீட்சையில விடையை அவரே வாசிச்சார், எல்லாரும் பாஸ். இது சரியில்லைங்க. காத்து சிலிண்டரை முதுகுல மாட்டிப் பார்க்க ரெண்டு பேருக்குத்தான் வாய்ப்புக் கிடைச்சுது, ஒரே செட்டுதான் இருக்காம். சாப்பாடு கேரளா மட்டை அரிசிச் சோறு, பசங்க மோருகறியை மட்டும் ரெண்டு தடவை வாங்கினாங்க.

அஞ்சுக்கு மூணரை தருவேன். ரெண்டாம் நாள் மட்டும்னா நாலரை. பதினஞ்சு பேர் சேர்த்தா தமிழ்லயே நடத்தறோம்னு சொல்லியிருக்காங்க. கந்தேகவுண்டன்சாவடி, எட்டிமடைப் பக்கம் இதே வேலை பார்க்கறவங்க சொல்லுங்க, சேர்ந்து போகலாம்.

எங்க ஆளுங்களுக்குள்ள இப்ப வாய் வார்த்தையே கிடையாது. இறங்கறவன் உடம்புல கட்டின கயித்தை ஒரு தடவை இழுத்தா நல்லா இருக்கேன், நாலு தடவை இழுத்தா தூக்கு. வீட்டுக்கு வர்ற வழியிலயே டெம்போல உக்காந்து பழகிட்டோம். மச்சான் மட்டும் இன்னும் மூணுல நிறுத்தறான்.