கை போகும் இடத்தில் மெனு இருக்கிறதா? விண்டோஸ் 11-ம் லினக்ஸ் மிண்ட்டும்

குமுளியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்பம், கூடலூரிலிருந்து மலையேறி வருபவர்களும் வண்டன்மேட்டு ஏலத்தோட்டக்காரர்களும் ஒரே நாளில் வருவார்கள். காலையில் தமிழ் மனு, மதியம் மலையாள விண்ணப்பம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, அடுத்து எதற்கு மாறுவது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கடையில் இப்போது விண்டோஸ் 11-ம், அதற்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் வகையான மிண்ட்டும் ஓடுகின்றன. பழகிய கை போகும் இடத்தில் சாமான் இருக்கிறதா, இல்லாவிட்டால் அங்கேயே திருப்பி வைக்க விடுகிறார்களா என்பதை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. அதை செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிவிடலாம், சரி. ஆனால் திரைக்குக் கீழே இருக்கும் பட்டையான டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ வைக்கிற வசதி, விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருந்தது, 2021-இல் 11 வந்தபோது காணாமல் போனது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டுவதும் அப்போது போய், 2023-இல்தான் திரும்பியது. பதினைந்து மனுவைத் திறந்து வைத்து, பெயரைப் பார்த்து எடுத்து அடிப்பவருக்கு இது அலங்காரச் சமாச்சாரம் இல்லை, பிழைப்பு.

வலது கிளிக்தான் எனக்கு ரொம்ப வருத்தம். கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் எழுத்தில்லாத சின்னப் படங்களாயின. ஜிப் மென்பொருள் போன்றவை சேர்த்து வைத்த பழைய கட்டளைகள் பல ‘மேலும் காட்டு’ என்பதற்குள் ஒளிந்தன. ஒரு கிளிக் வேலை இரண்டாகிறது. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு! படத்துக்குக் கீழே பெயர் வந்தது 2024 பதிப்பில்தான். ஷிஃப்ட்டோடு எஃப்10 தட்டினால் பழைய மெனு நேராக வரும், அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மிண்ட்டின் சின்னமன் முகப்பில் மெனு இடது கீழ் மூலையில். பட்டையை நான்கு பக்கமும் நகர்த்தலாம். லினக்ஸ் உலகம் இந்த வியாதிக்குத் தப்பியது என்று சொல்ல மாட்டேன். 2011-இல் லினக்ஸின் இன்னொரு முகப்பான நோம், தன் 3-ஆம் பதிப்பில் இதே மாதிரி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஆனால் அதன் மூலநிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்திருந்ததால், பிடிக்காதவர்கள் பழைய நோம் 2-ஐ எடுத்து ‘மாத்தே’ என்று தொடர்ந்தார்கள். மிண்ட்காரர்கள் சின்னமனை உருவாக்கினார்கள். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது அதுதான்.

மலைக்கு மேலே இன்னொரு சௌகரியமும் உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில், தமிழ் மீடியம் உட்பட, கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான். இடுக்கித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, வேர்டு மாதிரி லினக்ஸில் ஓடும் இலவச லிப்ரே ஆபீஸ் புதிதில்லை. கீழே தேனிப் பக்கத்தில், 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு, பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் வந்தது.

தமிழ்99 தட்டச்சு இரண்டிலும் கிடைக்கிறது. ஆனால் ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் மிண்ட்டில் நேரடியாக ஓடாது. வேர்டில் அமைத்த பத்திரம் லிப்ரே ஆபீஸில் வரி நகர்ந்து போகலாம். திருமணப் பத்திரிகை அடிப்பவர்கள் விண்டோஸ் 11-லேயே இருங்கள். கோப்புகளைப் பார்க்கும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப், ஜன்னல்களைப் பாதி பாதியாக ஒதுக்கும் வசதி இரண்டும் அதில் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன.

மனு, பில், இணைய விண்ணப்பம் மட்டும் என்றால் என் ஓட்டு மிண்ட்டுக்கு. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர் என்றால் இன்னும் தயங்க வேண்டாம். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் எடுக்கின்றனவா என்று ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.