விண்டோஸ் 11 போடக் கொடுத்து ரூ. 9,400 இழந்தேன், ஆறு வருட ஃபைல்களும் போயின. கடையில் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறிவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கடைப் பெயரைப் போடவில்லை. டி.எச். ரோட்டில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவு போதும். நீங்கள் எப்படி ஜாக்கிரதையாக இருக்கலாம் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்பவள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆடி பிறந்தால் கூழ் வார்க்கும் நோட்டீஸ். 2019-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஹோம் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். அந்த பில் இன்னும் பீரோவில் இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதிலிருந்தே எனக்கு ஒரு பயம். கஸ்டமர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் எல்லாம் என் மெஷினில்தான் ஸ்கேன் ஆகிறது. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் அதை வைத்திருக்கக் கூடாது என்றுதான் 11-க்கு மாற நினைத்தேன். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' போட்டுப் பார்த்தால், டி.பி.எம். 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் ஒரு பாதுகாப்பு வசதி) இல்லை, இந்தக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 ஏறாது என்று காட்டியது. டி.பி.எம். என்றால் ஏதோ புதிதாக ஒரு பார்ட் வாங்கிப் பொருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு தப்பான நினைப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

சி.பி.யு.வைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து கொண்டு போனேன். கடையில் இருந்த பையன் மூடியைக் கழற்றிப் பார்த்தான். "அக்கா, இந்த போர்டுல நேரா ஏறாது. எஸ்.எஸ்.டி. மாத்தி, ஒரிஜினல் விண்டோஸ் 11 ப்ரோ போட்டுத் தரேன். பத்து வருஷத்துக்குத் தொட வேணாம்" என்றான். ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினான். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) 3,600. விண்டோஸ் லைசென்ஸ் 3,800. சர்வீஸ் 1,200. டேட்டா பேக்கப் 800. ஆக மொத்தம் ரூ. 9,400.

யோசிக்கத்தான் செய்தேன். "தம்பி, காசை விடு, என் ஃபைலெல்லாம் டி டிரைவில் இருக்கு. அது போனா என் பொழைப்பே போச்சு" என்றேன். அதற்கு அவன் செய்த காரியத்தில்தான் நான் விழுந்தேன். என் கண்ணெதிரிலேயே சி.பி.யு.வை மானிட்டரில் இணைத்து, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, என் 'பத்திரிகை 2019' ஃபோல்டரை அதில் காப்பி போட்டான். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. "பாருங்கக்கா, ஏறுது. இது ராத்திரி வரைக்கும் ஓடும், நீங்க போங்க. நம்ம ஏரியாக்கா நீங்க, உங்களுக்குப் போய்ப் பண்ணுவனா?" என்று டீ வாங்கிக் கொடுத்தான். பச்சைக் கோடு 12 சதவீதம் தொட்டவரை நின்று பார்த்தேன். ஜிபேயில் 5,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். அந்த 12 சதவீதத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் போன் வந்தது. மீதி 4,400-ஐயும் அனுப்பி வாங்கி வந்தேன். வேகமாகத்தான் திறந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. டி டிரைவைத் திறந்தால் அந்த ஒரே ஒரு ஃபோல்டர். அதிலும் பாதி. 2020 முதல் இன்றுவரை செய்த கோரல் ட்ரா டிசைன் ஃபைல் எதுவும் இல்லை. பாமினி தமிழ் ஃபாண்ட் தொகுப்பு இல்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றச் சொல்லி வரும் நோட்டீஸ்கள் எதுவுமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கும் கேபினெட்டுக்குள் இல்லை.

உடனே போன் செய்தேன். "அக்கா, ஹார்ட் டிஸ்க் கடையிலதான் இருக்கு, நாளைக்கு வாங்க." மறுநாள் போனால் அந்தப் பையன் லீவு. அடுத்த நாள், ஓனர் ஊருக்குப் போயிருக்கிறாராம். வாட்ஸ்அப்பில் விவரமாக அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நான்காவது முறை போனபோது ஓனரே இருந்தார். "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லம்மா, போர்டுல எழுதியிருக்கு பாருங்க" என்று ஃபேனுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் மறைத்திருந்த ஒரு போர்டைக் காட்டினார். பேக்கப்புக்கு என்று என்னிடம் தனியாக 800 ரூபாய் வாங்கியிருக்கிறீர்களே என்று கேட்டேன். "அது டிரை பண்றதுக்கான சார்ஜ்" என்றார். பில் கேட்டேன். ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் தனியாக ஆகும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அவன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டக் காட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் லைசென்ஸைச் சோதிக்க, விண்டோஸின் ரன் பெட்டியில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர்., ஒரு இடைவெளி, ஸ்லாஷ் போட்டு எக்ஸ்.பி.ஆர். என்று அடித்தான். ஒரிஜினல் லைசென்ஸ் என்றால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வர வேண்டும். எனக்குச் சுமார் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி வந்தது. அந்தத் தேதியோடு காலாவதி. கம்பெனிகளுக்கான மொத்த லைசென்ஸ் முறையைப் போலியாகக் காட்டி ஏமாற்றும் ஒரு கிராக் மென்பொருளைப் போட்டிருக்கிறான். அதைப் பிடித்துவிடும் என்று விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரிலும் சில ஃபோல்டர்களைச் சோதிக்காதே என்று விலக்கு கொடுத்து வைத்திருக்கிறான். பாதுகாப்புக்காக மாறப் போன என் மெஷினில் வாசல் கதவையே கழற்றி வைத்துவிட்டான்.

அடுத்து எஸ்.எஸ்.டி. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவசக் கருவியில் பார்த்தால் அது ஏற்கெனவே 14,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. இராப்பகலாக ஓடியிருந்தாலே ஒன்றரை வருடத்துக்கு மேல். புதிது என்று சொல்லி 3,600 வாங்கினான்.

இனிமேல் சொல்வதுதான் என்னால் தாங்கவே முடியாதது. டி.பி.எம். என்பது என் மெஷினில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. இன்டெல் பிராசசரிலேயே பி.டி.டி. என்ற பெயரில் வரும், பயோஸில் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸில்) ஆஃப் ஆகிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்று இருக்கும். கடைக்காரன் அதைக்கூட ஆன் செய்யவில்லை. சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றியிருக்கிறான். அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அக்கா மகன் பயோஸுக்குள் போய் அதை எனேபிள் செய்து சேவ் செய்ய ஆன நேரம் இரண்டு நிமிடம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்த ப்ரோவை அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே இறக்கி ஹோம் போட்டான். 2019-இல் நான் வாங்கிய லைசென்ஸ் போர்டோடு பதிவாகியிருந்ததால் இன்டர்நெட் கொடுத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. ஒரு பைசா கேட்கவில்லை. ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் 11 இலவசம். இதற்குத்தான் நான் ரூ. 9,400 கொடுத்தேன்.

நேற்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். நீண்ட நேரம் நிற்க வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். லேபிளைப் பார்த்தோம், 500 ஜி.பி. என்னுடையது 1 டி.பி. "இது யாருடையது?" என்று கேட்டால், "இருக்கறதைத்தாம்மா குடுக்க முடியும்" என்கிறார். யாரோ இன்னொருவர் பிழைப்பு அந்த டிஸ்க்கில் இருக்குமே என்று அதைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. பணத்தையாவது கொடுங்கள் என்றேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வேணும்னா போங்க, உங்களை மாதிரி தொழில் செய்பவர்கள் அங்கே போக முடியாது என்றார். அதுவும் பொய். சுயதொழில் செய்து பிழைப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமும் இல்லை. இன்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கிறேன், பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பில் இல்லாவிட்டாலும் 5,000-க்கும் 4,400-க்கும் ஜிபே பதிவு இருக்கிறது, கணக்கு எழுதிய அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். முடியவில்லை, இவ்வளவாவது பிடித்துக்கொள்ளுங்கள். டி.பி.எம். இல்லை என்று காட்டினால் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் பயோஸைப் பாருங்கள். மெஷினைக் கொடுக்கும் முன் உங்கள் ஃபைல்களை நீங்களே இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, நாலு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள், கழற்றவில்லை என்றால் அதன் சீரியல் நம்பரையாவது போட்டோ எடுங்கள். லேப்டாப் என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைக்காமல் பயோஸில் கை வைக்க வேண்டாம். நிஜமாகவே பழைய மெஷின் என்றால் அவசரப்பட வேண்டியதில்லை, வீட்டு உபயோக விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இருக்கிறது, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். பில் இல்லாமல் ஜிபே செய்யாதீர்கள்.

எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் யார் யாருடைய ஆதார் நகல் இருந்தது என்று ரசீது நோட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினேழு பேருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், இன்னும் நோட்டில் பாதிகூடத் தாண்டவில்லை.